பழைய எம்ஜிபியைப் பந்தயக் காராக்குதல்: சிங்கப்பூரில் முதன்முறை முயல்வோருக்கு

சிங்கப்பூரில் நிரந்தரப் பந்தயத் தடம் கிடையாது. அப்பர் தாம்சன் சாலையில் 1961 முதல் 1973 வரை பந்தயங்கள் நடந்தன. அந்தச் சாலையில் இன்று பேருந்துகள் ஓடுகின்றன. 2008ஆம் ஆண்டு முதல் மரினா பேயில் நடக்கும் இரவுப் பந்தயத்துக்கோ பொதுச் சாலைகளையே சில நாள்களுக்கு அடைத்துக்கொள்கிறார்கள். ஆகவே, பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பந்தயத்துக்கு ஆயத்தம் செய்பவர் அதை முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டுமென்றால், பாலத்தைக் கடந்து முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள மலேசியாவின் செப்பாங் பந்தயத் தடம் வரை செல்ல வேண்டியிருக்கிறது. மற்ற நாடுகளில் சனிக்கிழமை ஓட்டிப் பார்த்துக் குறை கண்டு, இரவில் அதைச் சரிசெய்து, ஞாயிற்றுக்கிழமை மீண்டும் ஓட்டிப் பார்க்கலாம். இங்கே ஒவ்வொரு சோதனை ஓட்டத்துக்கும் சுங்க ஆவணம், லாரி வாடகை, விடுப்பு, தங்குமிடம் என்று செலவு நீளும். பட்டறையிலேயே கண்டுபிடிக்கக்கூடிய எந்தக் குறையையும் தடம் வரை கொண்டுபோகக் கூடாது என்பதுதான் இந்தக் கட்டுரை முழுவதற்கும் அடிப்படை. எதற்கு முதலில் பணம் செலவிடுவது, எதைப் பிறகு பார்த்துக்கொள்வது என்ற வரிசையும் அதிலிருந்தே வருகிறது.

எடுத்துக்காட்டாக, பிரிட்டனின் எம்ஜி நிறுவனம் தயாரித்த ஸ்போர்ட்ஸ் காரான எம்ஜிபியை எடுத்துக்கொள்கிறேன். எம்ஜி மிட்ஜெட், டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் போன்றவற்றுக்கும் இங்கே சொல்லப்படுவதில் பெரும்பகுதி பொருந்தும். ஆனால் ஸ்பிட்ஃபயருக்குத் தனிச் சேசிஸ் (அடிச்சட்டம்) உண்டு என்பதால், உடல் கூட்டைப் பற்றிச் சொல்வதை அதற்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்

கலந்துகொள்ள விரும்பும் போட்டியின் விதிப்புத்தகத்தை வாங்கிப் படிப்பதே முதல் வேலை. பழைய கார்களுக்கான பந்தயங்களில் பல, உலக மோட்டார் கூட்டமைப்பான எஃப்ஐஏவின் இணைப்பு ‘கே’ விதிகளைத் தழுவியவை. கார் எந்தக் காலப் பிரிவைச் சேர்ந்ததோ, அந்தக் காலத்தில் பந்தயத்துக்கென ஏற்கப்பட்ட பாகங்களை மட்டுமே அந்த விதிகள் அனுமதிக்கின்றன. 1962 முதல் 1965 வரையிலான பிரிவில் ஓட நினைப்பவர் பழைய நெம்புகோல் வகை ஷாக் அப்சார்பர்களை எடுத்துவிட்டுப் புதிய குழாய் வகையைப் போட்டால், பரிசோதனை மேசையிலேயே திருப்பி அனுப்பப்படலாம். போட்டியின்றித் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் டிராக் டே ஓட்டங்களில் இத்தகைய கெடுபிடி இல்லை. எதில் ஓடப்போகிறோம் என்று முடிவு செய்யாமல் பாகங்கள் வாங்குபவர்கள் எல்லாவற்றையும் இரண்டு முறை வாங்குவதைத்தான் அதிகம் காண முடிகிறது.

அடுத்து, கார் சாலைப் பதிவோடு இருக்கப்போகிறதா, வெறும் பந்தய வண்டியாக இருக்கப்போகிறதா என்பதைத் தீர்மானிக்க வேண்டும். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் பழங்கால வாகனத் திட்டத்தில் குறைந்தது 35 ஆண்டுப் பழமையுள்ள கார்களைப் பதிந்து, ஆண்டுக்கு 45 நாள் வரை சாலையில் ஓட்டலாம். ஆனால் பந்தயத்துக்குத் தேவைப்படும் மாற்றங்கள் பலவும் சாலைப் பதிவுள்ள காருக்கு ஒத்துவராது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஆணையத்தின் அனுமதி தேவையா என்று பார்த்தாக வேண்டும். இரண்டையும் ஒரே காரில் சாதிக்க முயல்வது பெரும்பாலும் நல்ல சாலைக் காரையும் தராது, நல்ல பந்தயக் காரையும் தராது என்பது என் கருத்து. முதல் முயற்சிக்குப் பதிவில்லாத கூட்டை வாங்கி, முழுப் பந்தயக் காராகவே கட்டுவது நேரான வழி. வெளிநாட்டிலிருந்து வாங்கினால் 20 விழுக்காடு கலால் வரியும் அதன்மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் உண்டு என்பதைத் தொடக்கத்திலேயே கணக்கில் சேர்க்க வேண்டும். பதிவில்லாத காரைப் பட்டறையிலிருந்து பக்கத்துத் தெருவுக்குக்கூட ஓட்டிச் செல்ல முடியாது.

இடமும் முன்கூட்டியே பேசி முடிக்க வேண்டிய ஒன்று. வீவக கார் நிறுத்துமிடத்தில் இந்த வேலைக்கு வாய்ப்பே இல்லை. காக்கி புக்கிட், சின் மிங், கிராஞ்சி போன்ற பகுதிகளில் பட்டறையின் ஒரு மூலையை மாத வாடகைக்குப் பிடிப்பதே நடைமுறை. அங்குள்ள கருவிப் பெட்டிகளில் பெரும்பாலும் மில்லிமீட்டர் ஸ்பேனர்களே இருக்கும். எம்ஜிபியின் நட்டும் போல்ட்டும் அங்குல அளவிலானவை. 13 மில்லிமீட்டர் ஸ்பேனரை அரை அங்குல நட்டில் மாட்டிச் சமாளிக்கும் பழக்கம் நட்டின் முனைகளை மழுக்கிவிடும் என்பதால், அங்குல அளவுக் கருவிகள் ஒரு தொகுதியைச் சொந்தமாக வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

எந்த எம்ஜிபி

1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டனில் தயாரான இந்தக் கார் ஐந்து லட்சத்துக்கும் மேல் வெளிவந்தது. பாகங்கள் இன்றும் தாராளமாகக் கிடைப்பதால் புதியவருக்கு இதைவிடத் தோதான கார் அரிது. வி8 வகையைத் தவிர எல்லாவற்றிலும் 1798 சிசி பி-சீரிஸ் எஞ்சின்தான் என்றாலும், தொடக்க கால எஞ்சினில் முதன்மைச் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்ட்டை மூன்று மெயின் பேரிங்குகளே தாங்கின. 1964இன் பிற்பகுதியிலிருந்து ஐந்தாயின. பந்தயத்துக்கு ஐந்து பேரிங் எஞ்சினே வேண்டும். 1974இன் பிற்பகுதியில் ரப்பர் பம்பர் வந்தபோது காரின் உயரத்தையும் கூட்டினார்கள். அதனால் வளைவுகளில் சாய்வு அதிகம். விலை குறைவாக இருக்கிறதே என்று அந்த வகையை வாங்கினால், அதைத் தாழ்த்துவதற்கே தனியாகச் செலவழிக்க வேண்டும். அமெரிக்காவுக்குப் போன இடப்பக்க ஸ்டியரிங் கார்களும் சந்தையில் மலிவாகக் கிடைக்கின்றன. பந்தயத்துக்கு அது தடையல்ல; பின்னாளில் சிங்கப்பூர்ச் சாலையில் பதிய நினைப்பவர் மட்டும் அவற்றைத் தவிர்க்க வேண்டும்.

கூடுதான் கார்

எம்ஜிபிக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. தகடுகளை ஒட்டிச் செய்த கூடே எல்லாச் சுமையையும் தாங்குகிறது. கூரை இல்லாத ரோட்ஸ்டரில் முன்பாதியையும் பின்பாதியையும் இணைத்து விறைப்பாக வைத்திருப்பவை, கதவுகளுக்குக் கீழே ஓடும் சில் என்ற பெட்டி வடிவப் பகுதிகளும் நடுவில் பின்சக்கரங்களைச் சுழற்றும் தண்டுக்கான சுரங்கமும்தான். சில் துருப்பிடித்துவிட்டால் எஞ்சினுக்கு எவ்வளவு செலவு செய்தாலும் பயனில்லை. கூடு முறுக்கிக்கொள்ளும், சஸ்பென்ஷனில் செய்த எந்தத் திருத்தமும் பிடிக்காது.

வாங்கும்போதே இதைச் சோதித்துவிடலாம். கதவை மூடி, அதன் பின்விளிம்புக்கும் உடலுக்கும் இடையிலுள்ள இடைவெளியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு பின்சக்கரத்துக்கு முன்னால் ஜாக் வைத்து மெதுவாக உயர்த்தினால், நல்ல கூட்டில் அந்த இடைவெளி ஏறக்குறைய மாறாமலே இருக்கும். கெட்டுப்போன கூட்டில் இடைவெளி மாறிக் கதவு திறக்க முரண்டு பிடிக்கும். அடுத்து, காந்தத்தைத் துணியில் சுற்றிச் சில்லின் அடிப்பக்கம் நெடுகிலும் நகர்த்த வேண்டும். அது ஒட்டாமல் நழுவும் இடங்களில் தகடு இல்லை, பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள் என்று பொருள். விற்பவர் சம்மதித்தால் ஸ்க்ரூடிரைவர் முனையால் அங்கே அழுத்திப் பார்க்கலாம். சம்மதிக்காவிட்டால் அதுவே ஒரு விடைதான். சிங்கப்பூரின் ஈரக்காற்றில் ஆண்டுக்கணக்கில் மூடிக் கிடந்த கார்களில், வெளிச் சில் பளபளப்பாகவும் அதன் உள்ளே இருக்கும் நடுத்தகடு சல்லடையாகவும் இருப்பது சாதாரணம்.

சில்லை மாற்றுவதென்றால், பழையதை அறுப்பதற்கு முன் கதவு நிலையின் குறுக்கே இரும்புக் குழாய்களைத் தற்காலிகமாக வெல்டிங் செய்து, கூட்டை நான்கு இடங்களில் சமமாகத் தாங்கி நிறுத்த வேண்டும். அப்படித் தாங்காமல் அறுத்தால் கூடு நடுவில் தொய்ந்துவிடும். புதிய சில்லை வெல்டிங் செய்தபின் அந்தத் தொய்வு நிரந்தரமாகிவிடும். ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டுமே அறுக்க வேண்டும். சிறிது வெல்டிங் செய்வதும், கதவை மாட்டி இடைவெளியைப் பார்ப்பதும், மறுபடி சிறிது வெல்டிங் செய்வதுமாக வேலை மெதுவாகத்தான் நகரும். கூட்டின் நிலை மிக மோசமாக இருந்தால், பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் நிறுவனம் தயாரிக்கும் புத்தம்புதுக் கூட்டை வாங்குவது கடைசிக் கணக்கில் மலிவாக முடியலாம்.

துரு வேலை முழுதும் முடிந்த பிறகே, கார் கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் குழாய்க் கூண்டான ரோல் கேஜ். எஃப்ஐஏ விதிப்படி முதன்மை வளையத்துக்கு 45 மி.மீ. விட்டமும் 2.5 மி.மீ. தடிப்பும், அல்லது 50 மி.மீ. விட்டமும் 2 மி.மீ. தடிப்பும் உள்ள, ஒட்டுப்போடாத குளிர்முறைக் கார்பன் எஃகுக் குழாய் வேண்டும். ஒவ்வொரு காலும் உடலில் ஊன்றும் இடத்தில் குறைந்தது 3 மி.மீ. தடிப்பும் 120 சதுர செ.மீ. பரப்பும் கொண்ட தகட்டைப் பதிக்க வேண்டும். தண்ணீர்க் குழாய்க்கும் கேட்டுக்கும் வெல்டிங் செய்பவரிடம் இதைக் கொடுக்கலாகாது. ரோட்ஸ்டரில், ஓட்டுநர் ஹெல்மெட்டோடு இருக்கையில் பெல்ட் கட்டி உட்கார்ந்த நிலையில் அளவெடுத்து, வளையம் ஹெல்மெட்டுக்கு மேலே குறைந்தது 5 செ.மீ. உயர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருக்கையை முதலில் வாங்கிவிட்டுக் கேஜ் செய்ய வேண்டும் என்பது இதனால்தான்.

எஞ்சின்: குதிரைத்திறனுக்கு முன் எண்ணெயும் வெப்பமும்

தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இந்த எஞ்சினின் திறன் ஏறத்தாழ 95 குதிரைத்திறன். முதல் பருவத்தில் அதை இரட்டிப்பாக்கும் ஆசை வேண்டாம். நன்றாகப் பொருத்தப்பட்ட, சமன் செய்யப்பட்ட, ஓரளவு திருத்திய எஞ்சின் பந்தயத்தை முடிக்கும். எல்லையைத் தொட்டு நிற்கும் எஞ்சின் மூன்றாவது சுற்றில் லாரியில் ஏறும்.

பிரித்தெடுத்த சிலிண்டர் ஹெட்டை முதலில் அழுத்தச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். வால்வு இருக்கைகளுக்கு நடுவே விரிசல் விடுவது இந்த ஹெட்டின் பழைய நோய். ஈயமில்லாப் பெட்ரோலுக்கு ஏற்ற கடினமான எக்ஸாஸ்ட் வால்வு இருக்கைகளையும் அதே சமயத்தில் பொருத்திவிடலாம். கிராங்க் ஷாஃப்ட்டில் விரிசல் இருக்கிறதா என்று காந்தமுறைச் சோதனை செய்து, ஃப்ளைவீல், கிளட்ச் தட்டு, கனெக்டிங் ராடு, பிஸ்டன் எல்லாவற்றையும் சேர்த்துச் சமன் செய்ய வேண்டும். கனெக்டிங் ராடு போல்ட்டுகளை மறுமுறை பயன்படுத்தவே கூடாது. வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட்டும் டாப்பெட்டும் ஒன்றோடொன்று உராயும் அமைப்பாகையால், துத்தநாகச் சேர்க்கை போதுமான அளவுள்ள 20டபிள்யூ-50 எண்ணெய்தான் ஏற்றது. இக்காலக் கார்களுக்கான மெல்லிய எண்ணெய் எவ்வளவு விலையுயர்ந்ததாக இருந்தாலும் இங்கே வேலைக்காகாது.

நீண்ட வளைவுகளில், எஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான சம்ப்பிலுள்ள எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். பம்ப் அந்த நேரத்தில் காற்றை உறிஞ்சினால், சில விநாடிகளுக்குள் பேரிங் போய்விடும். செப்பாங்கின் ஐந்தாம், ஆறாம் வளைவுகள் வேகமானவை, நீளமானவை. ஆகவே சம்ப்புக்குள் தடுப்புத் தகடுகள் பொருத்துவது ஆடம்பரமல்ல. எண்ணெய் குளிரூட்டியும், கண்ணில் படும் இடத்தில் பெரிய எண்ணெய் அழுத்தமானியும், அழுத்தம் விழுந்தால் எரியும் பிரகாசமான சிவப்பு விளக்கும் வேண்டும். பந்தய வேகத்தில் யாரும் முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

வெப்பம்தான் இந்த வட்டாரத்தின் தனிச் சிக்கல். பி-சீரிஸ் எஞ்சினில் கார்புரேட்டரும் எக்ஸாஸ்ட் குழாயும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. இங்கிலாந்தின் குளிரில் அது பெரிய தொந்தரவில்லை. 32 பாகை வெயிலில் தொடக்கக் கோட்டில் காத்திருக்கும்போது, கார்புரேட்டரின் கிண்ணத்திலேயே பெட்ரோல் கொதித்து ஆவியாகிவிடும். இரண்டுக்கும் நடுவே சரியான வெப்பத்தடுப்புத் தகடும், எக்ஸாஸ்ட் குழாய்க்குக் காப்பு உறையும், பெட்ரோல் குழாயை எஞ்சினிலிருந்து ஒதுக்கிக் கொண்டுசெல்வதும் இதற்கு மருந்து. ரேடியேட்டரின் உட்பகுதியைப் புதிதாக மாற்றி, காற்று பக்கவாட்டில் நழுவாமல் ரேடியேட்டர் வழியாகவே போகும்படி சுற்றிலும் அலுமினியத் தகட்டால் அடைக்க வேண்டும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்தால் எஞ்சின் குளிரும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது இல்லாவிட்டால் தண்ணீரின் ஓட்டம் கட்டுப்பாடின்றிப் போகும் என்பதால், அந்த இடத்தில் துளையிட்ட வளையம் ஒன்றைப் போடுவதே முறை. சாதாரண கூலண்ட் தடத்தில் கொட்டினால் வழுக்கும். பல போட்டிகள் அதைத் தடைசெய்கின்றன. டிஸ்டில்டு வாட்டரும் துருத்தடுப்புச் சேர்க்கையும் போதும். நம் ஊரில் உறையும் கவலை இல்லையே.

கியர்பாக்ஸைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1967இன் பிற்பகுதியிலிருந்து வந்த, நான்கு கியருக்கும் சிங்க்ரோ (கியர் மாற்றும்போது பற்கள் உரசாமல் சேர உதவும் அமைப்பு) உள்ள பெட்டியை நல்ல நிலையில் பொருத்தினால் முதல் இரண்டு பருவங்களுக்குத் தாங்கும்.

பிரேக்கும் சஸ்பென்ஷனும்

முன்பக்கம் டிஸ்க், பின்பக்கம் டிரம். ஒழுங்காக இருந்தால் இந்த எடைக்கு இதுவே போதுமானது. பழுதானவற்றைத் திருத்துவதைவிட, காலிப்பர், மாஸ்டர் சிலிண்டர், சக்கர சிலிண்டர், எல்லாக் குழாய்கள் ஆகியவற்றைப் புதிதாகவே மாற்றிவிட வேண்டும். பழைய டிரம்மைத் திறக்கும்போது உள்ளே உள்ள தூளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம்; காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். முற்காலக் கார்களில் முன்னும் பின்னும் ஒரே பிரேக் ஆயில் சுற்றுதான். ஒரு குழாய் போனால் எல்லாமே போய்விடும் என்பதால், விதிகள் அனுமதித்தால் இரட்டைச் சுற்றுக்கு மாற்றிவிடுவது நல்லது. செப்பாங்கில் நீண்ட நேர்தடத்தின் முடிவில் பதினைந்தாம் வளைவுக்கும், உடனே அடுத்த நேர்தடத்தின் முடிவில் முதல் வளைவுக்கும் அழுத்திப் பிரேக் பிடிக்க வேண்டியிருப்பதால் பிரேக் ஆயில் கொதிக்கும் ஆபத்து மெய்யானது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. நம் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. திறந்த டப்பாவை எடுத்து வைத்துப் பிறகு பயன்படுத்தாமல், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் புதிதாக ஊற்றிக் காற்றெடுக்க வேண்டும்.

முன் சஸ்பென்ஷனில், சக்கரம் திரும்புவதற்கு அச்சாணியாக இருக்கும் கிங் பின்னின் தேய்மானமே முதலில் பார்க்க வேண்டியது. சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் தெரிந்துவிடும். அதன்பின் விறைப்பான ஸ்பிரிங், வளைவில் சாய்வைக் குறைக்கும் தடிமனான ஆன்டி ரோல் பார், சக்கரத்தின் மேல்முனை ஒன்றரைப் பாகை அளவுக்கு உள்நோக்கிச் சாய்ந்த நிலை. பின்பக்கம் பட்டை ஸ்பிரிங்கும் இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே அச்சும்தான். தேய்ந்த ரப்பர் புஷ்களை மாற்றி, உயரத்தைத் தாழ்த்தி, இடமும் வலமும் ஒரே உயரம்தானா என்று அளந்தால் தொடக்கத்துக்குப் போதும். கம்பிச் சக்கரங்கள் பார்க்க அழகாக இருந்தாலும், அவற்றின் மையப் பற்கள் தேய்ந்திருந்தால் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் நழுவும். புதியவர் போல்ட் சக்கரத்தோடு தொடங்குவது நல்லது.

நெருப்பு, மின்சாரம், இருக்கை

இங்கே சிக்கனத்துக்கு இடமில்லை. பழைய பெட்ரோல் தொட்டியை எடுத்துவிட்டு எஃப்ஐஏ முத்திரையுள்ள பாதுகாப்புத் தொட்டி, எஞ்சினுக்கும் ஓட்டுநர் அறைக்கும் இடையே ஓட்டையில்லாத தடுப்பு, நிரந்தரமாகக் குழாயிட்ட தீயணைப்பு அமைப்பு, உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் இயக்கக்கூடிய மின்துண்டிப்பு ஆகியவை வேண்டும். துண்டிப்பின் இடத்தைக் காட்ட நீல முக்கோணத்தில் சிவப்பு மின்னல் குறி ஒட்ட வேண்டும். எஞ்சினின் சுவாசக் குழாய் குறைந்தது 2 லிட்டர் கொள்ளும் சேகரிப்புக் கலனில் முடிய வேண்டும். 1967 வரையிலான கார்களில் பேட்டரியின் நேர்முனையே உடலோடு இணைந்திருக்கும். இது தெரியாமல் இக்கால மின்னணுக் கருவியை மாட்டினால் கருவி கருகும். பந்தயக் காருக்குத் தேவைப்படும் வயர்கள் மிகக் குறைவு என்பதால், பழைய வயரிங் முழுவதையும் எடுத்துவிட்டுப் புதிதாக இழுப்பது எளிது. வைப்பரை மட்டும் கழற்றிவிட வேண்டாம். பிற்பகல் இடிமழை இங்கேயும் அங்கேயும் ஒன்றுதான்.

இருக்கை, பெல்ட், ஹெல்மெட், கழுத்துக் காப்பு, தீத்தாங்கும் உடை அனைத்திலும் செல்லுபடியாகும் தேதியைப் பார்த்தே வாங்க வேண்டும். பழைய பொருள் மலிவாகக் கிடைத்தாலும் தேதி முடிந்திருந்தால் பரிசோதனையில் தள்ளிவிடுவார்கள்.

பட்டறையிலேயே செய்யும் சோதனை

முதல் முறை முடுக்குவதற்கு முன் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, எண்ணெய் அழுத்தமானி உயரும் வரை ஸ்டார்ட்டரால் எஞ்சினைச் சுற்ற வேண்டும். பிறகு பிளக்குகளை மாட்டி முடுக்கி, புதிய கேம்ஷாஃப்ட் பழகுவதற்காக நிமிடத்துக்கு ஏறத்தாழ 2000 சுழற்சிக்கு மேல் இருபது நிமிடம் ஓடவிட வேண்டும். அந்த நேரம் முழுவதும் ஒருவர் அழுத்தமானியையும் வெப்பமானியையும் பார்த்துக்கொண்டிருக்க, இன்னொருவர் டார்ச்சோடு அடியில் கசிவு தேட வேண்டும்.

அதன்பின் சேசிஸ் டைனோ (சக்கரங்களை உருளைகள்மேல் ஓடவிட்டுத் திறனை அளக்கும் கருவி) உள்ள பட்டறைக்கு லாரியில் அனுப்பி, இக்னிஷன் நேரத்தையும் கார்புரேட்டர் ஊசிகளையும் சரிசெய்ய வேண்டும். நம்மைப் போலத் தடமில்லாதவர்களுக்கு டைனோவில் செலவிடும் பணம் வீணல்ல. சுமையோடு இருபது முப்பது நிமிடம் விட்டுவிட்டு ஓட்டிப் பார்த்தால் வெப்பச் சிக்கல், எண்ணெய்க் கசிவு, நழுவும் கிளட்ச் எல்லாம் அங்கேயே வெளிப்படும். திரும்பி வந்ததும் ஹெட் நட்டுகளைக் கையேட்டிலுள்ள அளவுக்கு மறுபடி முறுக்க வேண்டும். டார்க் ரெஞ்சால் முறுக்கிய ஒவ்வொரு நட்டின் மேலும் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு இழுத்துவைத்தால், பின்னர் எது நெகிழ்ந்தது என்பதை ஒரே பார்வையில் சொல்லிவிடலாம். கோடு இல்லாத நட்டு இன்னும் முறுக்கப்படாத நட்டு என்பது பட்டறையில் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

பாலத்தைக் கடப்பது

பதிவில்லாத பந்தயக் காரை மலேசியாவுக்குள் தற்காலிகமாகக் கொண்டுசெல்ல ஏடிஏ கார்னே என்ற சுங்க ஆவணம் உதவும். சிங்கப்பூரில் அதை வழங்குவது சிங்கப்பூர் அனைத்துலக வர்த்தகச் சபை. காரின் சேசிஸ் எண், எஞ்சின் எண் தொடங்கி உபரிச் சக்கரம், உபரி கியர்பாக்ஸ், கருவிப் பெட்டி வரை ஒவ்வொன்றையும் பட்டியலில் எழுத வேண்டும். பட்டியலில் உள்ளது அத்தனையும் திரும்பி வந்தாக வேண்டும். தேய்ந்த டயரைச் செப்பாங்கில் தூக்கிப் போட்டுவிட்டு வந்தால், திரும்பும்போது அதற்குப் பதில் சொல்ல நேரிடும். எண்ணெய், பெட்ரோல் போன்ற தீர்ந்துபோகும் பொருள்களுக்கு இந்த ஆவணம் செல்லாது. அவற்றை அங்கேயே வாங்கிக்கொள்வது நல்லது. பந்தயக் காரின் தொட்டியைக் காலியாக வைத்தே ஏற்ற வேண்டும். உடன் வரும் சிங்கப்பூர்ப் பதிவுள்ள காருக்கோ முக்கால் தொட்டிப் பெட்ரோல் இருந்தாக வேண்டும். இதை மறந்து சோதனைச்சாவடியில் திருப்பி அனுப்பப்பட்டால் லாரி ஒரு பக்கமும் ஆள் ஒரு பக்கமுமாக நிற்க நேரிடும். எல்லை தாண்டும் ஒவ்வொரு முறையும் கார்னேயில் முத்திரை குத்தப்பட்டதா என்று கவுன்டரை விட்டு நகர்வதற்கு முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் பயணத்தைப் போட்டிக்கென்று வைக்காமல் டிராக் டே ஒன்றுக்கு வைத்துக்கொள்வது நல்லது. தடத்தின் நீளம் 5.543 கிலோமீட்டர், ஒரு சுற்றே பழைய காருக்கு நல்ல உழைப்பு. இரண்டு சுற்று மிதமாக ஓட்டி உள்ளே வந்து, சக்கர நட்டுகள், மஞ்சள் கோடுகள், எண்ணெய் அளவு, பிரேக் பெடலின் உயரம் ஆகியவற்றைப் பார்த்த பிறகு அடுத்த நான்கு சுற்று. ஒவ்வொரு முறையும் டயரின் உள்பக்கம், நடுப்பகுதி, வெளிப்பக்கம் ஆகியவற்றின் வெப்பத்தைக் குறித்துக்கொண்டால், சக்கரச் சாய்வையும் காற்றழுத்தத்தையும் எப்படி மாற்றுவது என்பதற்கு அந்தத் தாளே வழி சொல்லும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும்.

சிங்கப்பூர் திரும்பியதும் எஞ்சின் எண்ணெயை வடித்து, ஃபில்டரை அறுத்துத் திறந்து, அதன் மடிப்புகளை விரித்துப் பார்க்க வேண்டும். காந்தத்தில் ஒட்டாத மினுமினுப்புத் துகள் கண்ணில் பட்டால், அடுத்த கார்னேக்கு விண்ணப்பிக்கும் முன் சம்ப்பைக் கழற்றிப் பேரிங்குகளைப் பார்த்துவிட வேண்டும்.